பந்தனாவை எப்போது அவிழ்ப்பது?

முதலுதவிப் பயிற்சி கொடுக்கப் போகும்போது என் பையில் நான்கைந்து பந்தனாக்கள், அதாவது தலையிலோ கழுத்திலோ கட்டிக்கொள்ளும் சதுரத் துணிகள், இருக்கும். கட்டுத்துணி கைவசம் இல்லையென்றால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டால், யாராவது ஒருவர் தன் கழுத்தில் கிடப்பதைத் தொட்டுக் காட்டுவார். நல்ல பதில்தான். அப்புறம் அடுக்க ஆரம்பிப்பார்கள்: ரத்தத்தை நிறுத்தும், உடைந்த கையைத் தாங்கும், புகையைத் தடுக்கும், பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டலாம். ஒரு சதுரத் துணியின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவதுதான் எனக்குக் கவலை.

முதலில் அளவைப் பார்ப்போம். வழக்கமான பந்தனா ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் சதுரம். மூலைக்கு மூலை மடித்தால் நீளப் பக்கம் 78 சென்டிமீட்டர் வரும். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் முக்கோணக் கட்டுத்துணி, சுமார் ஒரு மீட்டர் சதுரத் துணியைக் குறுக்காக வெட்டியது. அதன் நீளப் பக்கம் 1.4 மீட்டர். 19ஆம் நூற்றாண்டில் அதைப் பரவலாக்கிய ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிஹ் வான் எஸ்மார்ஹ், கட்டும் முறைகளைப் படமாகவே துணியில் அச்சிட்டுக் கொடுத்தார். பந்தனா அதில் பாதி நீளத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பெரியவர் ஒருவரின் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட ஒன்று போதாது. இரண்டை முடிந்து பயன்படுத்தலாம். இல்லையென்றால் சட்டையின் கீழ்ப்பகுதியைக் கைக்கு மேலாக மடித்து ஊக்குப் போட்டுவிடலாம். அவசரத்தில் இது பந்தனாவை விட நன்றாகவே தாங்கும்.

என்ன நூல் என்பதையும் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பருத்தி உறிஞ்சிக்கொள்ளும். பல பாலியெஸ்டர் துணிகளில் சொட்டு முத்துப்போல் நிற்கும். அது ரத்தத்தையும் சரியாக உறிஞ்சாது. நெருப்புப் பக்கம் போனால் உருகித் தோலில் ஒட்டும்.

பந்தனா என்ற சொல்லுக்கே கட்டுதல்தான் வேர். துணியை அங்கங்கே நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சுகளை அவிழ்த்தால் புள்ளிகள் விழுமே, அந்தச் சாயமுறையைக் குறித்த இந்திச் சொல் ஆங்கிலத்துக்குப் போய்த் துணிக்குப் பெயரானது. ஆக, கட்டி அவிழ்க்கப்பட்ட துணி. கட்டுவதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். நான் பார்க்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை அவிழ்க்காததால் வருகின்றன.

ஒரு மலையேற்றக் குழுவில் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. நண்பர்கள் பந்தனாவை எட்டுப் போட்டு அருமையாகக் கட்டியிருந்தார்கள். கட்டியபோது சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு வீக்கம் ஏறியது, துணி நீளவில்லை. கீழே இறங்கி வந்தபோது விரல்கள் சில்லிட்டு நீலம் பாய்ந்திருந்தன. வலி சுளுக்கினால்தான் என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். எந்தக் கட்டுப் போட்டாலும் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது என்றால் உடனே தளர்த்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

ரத்தம் கொட்டும் காயத்தில் பந்தனாவின் வேலை அழுத்துவது. மடித்து வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நனைந்துவிட்டால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். உறைய ஆரம்பித்த ரத்தம், துணியை எடுத்தால் மறுபடி திறந்துகொள்ளும். கையிலோ காலிலோ பீறிடும் ரத்தம் எப்படி அழுத்தியும் நிற்கவில்லை, உயிரே போய்விடும் என்ற நிலையில் மட்டும் காயத்துக்கு மேலே, உடல் பக்கமாக, இறுக்குக் கட்டு. அதற்கும் கயிறுபோல் திரித்த பந்தனா ஆகாது, சதையை அறுக்கும். குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலப் பட்டையாக மடித்து, ஒரு குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். நீங்களாக அவிழ்க்கக் கூடாது என்று நான் சொல்லும் ஒரே கட்டு இதுதான்.

பாம்புக் கடி அப்படியல்ல. அங்கே இறுக்கிக் கட்டவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதுதான். ரத்தம் போகாத பகுதி அழுகும் ஆபத்து உண்டு. திடீரென அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடலில் பரவும். பந்தனாவை, கையையோ காலையோ ஒரு பலகையோடு அசையாமல் தளர்வாக வைக்கப் பயன்படுத்துங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

மூக்கை மூடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்டியில் போகும்போது பெருந்தூசி, பூச்சி, வெயில், இவற்றுக்குப் பந்தனா நல்ல துணை. புகைக்கு இல்லை. நுண்துகள்கள் நெசவின் இடைவெளியிலும் கன்னத்தின் ஓரத்திலும் தாராளமாகப் போகும். ஈரத்துணி கட்டினால் புகை வடிகட்டப்படும் என்று நம்பி எரியும் அறைக்குள் நுழைகிறவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடு ஒரு வாயு. மணமில்லை, நிறமில்லை, ஈரத்துணி அதற்கு ஒரு தடையே இல்லை. தாழக் குனிந்து வெளியே வாருங்கள், உள்ளே போகாதீர்கள்.

தலையில் கட்டுவது வேறு கதை. 1943இல் ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்த அமெரிக்கப் போஸ்டரில் புஜத்தை மடக்கிக் காட்டும் பெண்ணின் தலையில் சிவப்புப் புள்ளிப் பந்தனா இருக்கும். அது அலங்காரம் மட்டுமல்ல. போர்க்காலத் தொழிற்சாலைகளில் முடி இயந்திரத்தில் சிக்காமல் இருக்கப் பெண்கள் அப்படித்தான் கட்டினார்கள். முடியைக் காக்கக் கட்டிய துணியின் முனைகளைத் தொங்கவிட்டால் கட்டியதே வீண். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் நீஸ் நகரில் இறந்தது, கழுத்தில் போட்டிருந்த நீளத் துணி கார்ச் சக்கரத்தில் சுற்றியதால். கடைசல் இயந்திரம், துளைபோடும் கருவி, சைக்கிள் சங்கிலி, எதன் பக்கம் போனாலும் முனைகளை உள்ளே செருகுங்கள். கழுத்தில் இருந்தால் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் தூங்கும்போது கழுத்தில் எந்தத் துணியும் வேண்டாம்.

நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தலைவலிக்கிறது என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கட்டைப் பற்றித்தான். புற அழுத்தத் தலைவலி என்று தலைவலிகளின் சர்வதேச வகைப்பாட்டிலேயே ஒன்று இருக்கிறது. அழுத்தத்தை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். மாத்திரை வாங்குவதற்கு முன் அவிழ்த்துப் பார்க்கலாமே.

வியர்வை துடைத்த பந்தனாவைக் காயத்தில் வைக்காதீர்கள். துவைத்து, நன்றாகக் காயவைத்த ஒன்றை மூடிய பிளாஸ்டிக் பையில் தனியாக வைத்திருங்கள்.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் முடிச்சுக்கு. வலது முனையை இடதின் மேல், அடுத்து இடதை வலதின் மேல், தட்டையாகப் படியும். ஒரு முனையைப் பிடித்து, அதே பக்கத்துத் துணியிலிருந்து எதிர்த்திசையில் நேராக இழுத்தால் நழுவிக்கொண்டு வரும். எல்லோரும் கட்டி முடித்ததும், கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கச் சொல்வேன். போன வகுப்பில் ஒருவர் கத்தரிக்கோல் கேட்டார். இரண்டு தடவையும் வலதை இடதின் மேல் போட்டிருந்தார்.