போயட் லாரியேட்: அரசவைக் கவிஞரா, வாகைக் கவிஞரா?

அமெரிக்காவின் ‘போயட் லாரியேட்’ பதவியில் இருந்த கவிஞர் அடா லிமோனைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ‘அமெரிக்காவின் அரசவைக் கவிஞர்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அரசரே இல்லாத நாட்டில் அரசவை ஏது?

வேர் எளிது. லாரல் மர இலைகளால் கட்டிய முடியைச் சூடியவர் லத்தீனில் லாரியேட்டஸ். 1341இல் ரோமில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்குக்கு அப்படிச் சூட்டினார்கள். அரசவை பின்னால் வந்து ஒட்டியது. 1668இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் நியமித்த கவிஞர் டிரைடனை அரசவைக் கவிஞர் என்றால் சரி. நாமக்கல் கவிஞருக்கும் கண்ணதாசனுக்கும் இங்கே அந்தப் பட்டம் கிடைத்ததால் அதே சொல் நம் கைக்குச் சட்டென வந்துவிடுகிறது.

அமெரிக்கப் பதவி பிறந்தது நூலகத்தில். 1937இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் ‘கவிதை ஆலோசகர்’ என்று தொடங்கியது. 1985இல்தான் சட்டம் போட்டு லாரியேட்டைச் சேர்த்தார்கள். தேர்ந்தெடுப்பவர் அதிபர் அல்ல, நூலகத் தலைவர். சம்பளம் ஒரு தனியார் அறக்கொடையிலிருந்து வருகிறது. ஆட்சியாளரைப் பாடும் கடமை கிடையாது. நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் கவிதை வாசிப்பார், பிறகு மக்களிடம் கவிதையைக் கொண்டுபோவார். 2022 முதல் 2025 வரை பதவியிலிருந்த லிமோன், தேசியப் பூங்காக்களின் உணவு மேசைகளில் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். கேப் காட் கடற்கரையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பவர் கண்ணில் கவிஞர் மேரி ஆலிவரின் வரிகள் படுகின்றன. வியாழனின் யூரோப்பா நிலவை நோக்கி 2024 அக்டோபரில் கிளம்பிய நாசா விண்கலத்தில் லிமோனின் கவிதை அவர் கையெழுத்திலேயே போகிறது. இதில் அரசவை எங்கே இருக்கிறது?

‘தேசியக் கவி’ என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அது நம் காதில் பாரதியாகவும் விடுதலைப் போராட்டமாகவும்தான் விழும்.

நான் பரிந்துரைப்பது ‘வாகைக் கவிஞர்’. இலை முடிக்குப் பதில் பூ முடி. சூடுவதும் சிறப்பிப்பதும் அப்படியே இருக்கின்றன. வாகை போர் வெற்றிக்கு உரியது என்பார்கள். தொல்காப்பியர் அப்படிக் குறுக்கவில்லை. ‘தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்’ என்கிறார். அவரவர் துறையில் மேம்படுவதே வாகை. அறிஞரும் வணிகரும் உழவரும் சூடலாம் என்றால் கவிஞர் சூடக்கூடாதா? 2017இல் இளம் அமெரிக்கக் கவிஞர் அமாண்டா கோர்மன் பெற்ற ‘யூத் போயட் லாரியேட்’ பட்டத்தையும் ‘இளையோர் வாகைக் கவிஞர்’ என்று தடங்கலின்றிச் சொல்லலாம்.

அப்புறம் இன்னொன்று. லிமோன் தனியாக மேடையேறித் தன் கவிதைகளைப் படிப்பதைக் ‘கவியரங்கம்’ என்று எழுதுவது. கவியரங்கத்துக்குத் தலைவர் உண்டு, கொடுத்த தலைப்பு உண்டு, வரிசையாகப் பல கவிஞர்கள் உண்டு. ஒருவர் தன் கவிதைகளைப் படித்தால் அது கவிதை வாசிப்பு. எல்லாருக்கும் தெரிந்த சொல்தான், அதையே எழுதுங்கள்.