‘பக்’ என்பதற்கு ஏன் ‘வழு’?

“வழு 14: மெனு ஒட்டிக்கொள்கிறது.” எங்கள் வேலைக் குறிப்பில் நான் இப்படி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த தங்கை ஒருத்தி, “அண்ணே, வழுன்னா வழுக்குதா?” என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் வேர்ச்சொல்லைச் சரியாகவே பிடித்துவிட்டாள்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்திருந்தோம். என் மடிக்கணினியில் அழகாக இருந்தது, கைப்பேசியிலும் குறையில்லை. கடைக்காரரின் கல்லாவில் இருந்த பழைய டேப்லட்டில் மட்டும் இடைவெளியே இல்லை. “தம்பி, ‘தோசைஇடியப்பம்ரொட்டிசானாய்’னு ஒரு பலகாரம் போட்டுருக்கீங்க, அது என்ன விலை?” என்றார் போனில்.

மென்பொருளில் தலைகாட்டும் இந்த மாதிரிக் கோளாறுக்குக் கோலாலம்பூரில் எல்லாரும் சொல்கிற சொல் ‘பக்’தான். ஆங்கிலத்தில் அதற்குப் பூச்சி என்று பொருள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலே (மின்சுற்றைத் திறந்து மூடும் சுவிட்சு) ஒன்றில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, ‘மெய்யான பூச்சியே கிடைத்த முதல் நிகழ்வு’ என்று எழுதி வைத்தார்கள். கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லிப் பரப்பினார். சொல் அன்றைக்குத்தான் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியிருந்தால் அந்தக் குறிப்பில் நகைச்சுவையே இருந்திருக்காது. எடிசன் 1878லேயே தம் கடிதம் ஒன்றில், கருவிகளில் தலைகாட்டும் சிறு கோளாறுகளை இந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்.

மலாய்க்காரர்கள் பூச்சியைப் பூச்சியாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘பெப்பிஜாட்’ என்பது அவர்கள் சொல். ‘பிஜாட்’ என்றால் மூட்டைப்பூச்சி. நாமும் ‘பூச்சி’ என்று வைத்திருக்கலாம், ஆனால் தமிழ்க் கலைச்சொல் செய்தவர்கள் இலக்கண வகுப்புக்குள் போய் ‘வழு’வை எடுத்து வந்தார்கள். எனக்கு அதில் மிகுந்த திருப்தி. (உலாவிக்கு மலாயில் ‘பெலாயார்’, அதாவது கடலோடி. ஆங்கிலச் சொல்லான ‘பிரவுசரோ’ ஆடு மாடு தழை மேய்வதிலிருந்து வந்தது. ஒரே பக்கத்தில் அவர்கள் மேய்கிறார்கள், மலாய்க்காரர்கள் பாய்மரம் விரிக்கிறார்கள், நாம் காலாற உலாவுகிறோம்.)

வழு என்பதற்கு அடிப்படைப் பொருள் தவறிச் சரிதல். வழுவுதல், வழுக்குதல் எல்லாம் ஒரே குடும்பம். ‘தீய வழுக்கியும் வாயாற் சொலல்’ என்ற குறளில் ‘வழுக்கியும்’ என்றால் தவறியும் என்று பொருள். வேண்டுமென்று செய்வதைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை, கால் சறுக்குவதைப் போல வாய் சறுக்குவது. பிழைக்கும் வழுவுக்கும் நான் காணும் வேறுபாடு இதுதான். எழுத்தை மாற்றித் தட்டியிருந்தால் அது பிழை. கடை மெனுவில் நான் எழுதிய வரியில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. உருப்படிகளை வரிசையாக அடுக்கும் ‘ஃபிளெக்ஸ்’ அமைப்பில் உருப்படிகளுக்கு நடுவே இடம் விட ‘கேப்’ என்று எழுதியிருந்தேன். வலைப்பக்கங்களுக்கான நெறிப்படி சரியான வரி. ஆனால் ஃபிளெக்ஸுக்குள் கேப் என்ற வழக்கை ஃபயர்ஃபாக்ஸ் 2018இல் ஏற்றது, குரோம் 2020இல், சஃபாரி 2021 ஏப்ரலில். அதற்கு முந்தைய உலாவி அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் தாண்டிப் போய்விடும். கடையின் டேப்லட் எத்தனை பழையது என்று கேட்காமல் எழுதியது என் சறுக்கல்.

சரி, உலாவியையே கேட்டுவிடலாம் என்று ‘சப்போர்ட்ஸ்’ விதியைப் போட்டேன். “உனக்குக் கேப் தெரியுமா?” “தெரியும்” என்றது. மெனு அப்படியே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. விஷயம் என்னவென்றால், அந்தப் பழைய உலாவிக்குக் கட்டம் கட்டமாக அடுக்கும் ‘கிரிட்’ அமைப்பில் கேப் தெரியும், ஃபிளெக்ஸில் தெரியாது. நான் கேட்டது ஒன்று, அது பதில் சொன்னது வேறொன்றுக்கு. நன்னூல் வழுவை ஏழாக எண்ணும்போது திணை, பால், இடம், பொழுது, வினா, இறை, மரபு என்கிறது. இதில் ‘இறை’ என்பது விடை. தொல்காப்பியமும் ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்று இதையே எச்சரிக்கிறது. கடம்பூருக்கு வழி கேட்டவனிடம், “இடம்பூணி என் ஆவின் கன்று” என்று சம்பந்தமில்லாமல் சொன்னவனின் கதை உரைகளில் வரும். அவனுக்கு அடுத்தபடியாக அந்த டேப்லட்டைச் சேர்க்கலாம்.

இலக்கணத்தில் வழுவோடு இன்னும் இரண்டு சொற்கள் வரும். பிறழாமல் இருந்தால் வழாநிலை. பிறழ்ந்தும் காரணம் கருதி ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. பெண் குழந்தையை “வாப்பா” என்று கூப்பிடுகிறோம் இல்லையா, பால் பிறழ்ந்தாலும் அன்பினால் அது அமைதி. இந்தச் சொல்லுக்கு உலாவி உலகத்தில் கச்சிதமான இடம் இருக்கிறது. பக்கத்தின் முதல் வரியில், அது எந்த நெறிப்படி எழுதியது என்று சொல்லும் ‘டாக்டைப்’ அறிவிப்பு இல்லையென்றால், உலாவி அதைப் பழைய காலத்துப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, பழைய தவறுகளோடேயே காட்டும். ஆங்கிலத்தில் ‘குவிர்க்ஸ் மோட்’. 2000இல் மெக்கிண்டோஷுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 தொடங்கி வைத்த வழக்கம், இன்றைக்கும் எல்லா உலாவியிலும் இருக்கிறது. ‘விசித்திர நிலை’ என்று மொழிபெயர்த்தால் சப்பென்று இருக்கும். ‘வழுவமைதி நிலை’ என்றால் நாலாம் படிவத்தில் தமிழ் படித்தவருக்குக்கூடப் பட்டென்று புரியும்.

அந்த நிலையில் எக்ஸ்புளோரர் காப்பாற்றி வைத்திருந்த தவறுகளில் புகழ்பெற்றது பெட்டிக் கணக்கு, அதாவது ஒரு பெட்டியின் மொத்த அகலத்தை எண்ணும் முறை. 300 பிக்சல் அகலம், இரு பக்கமும் 20 உள்வெளி (உள்ளடக்கத்துக்கும் விளிம்புக்கும் நடுவே விடும் இடம்), 5 விளிம்பு என்றால் நெறிப்படி மொத்தம் 350. பழைய எக்ஸ்புளோரர் எல்லாவற்றையும் 300க்குள்ளேயே அடக்கியது. அந்த 50 பிக்சலுக்காக எத்தனை பேர் இராத்தூக்கம் கெட்டார்கள்! அப்புறம் பார்த்தால், அடக்கிப் போடுவதே வசதி என்று எல்லாருக்கும் தோன்றி, ‘பார்டர்-பாக்ஸ்’ என்ற பெயரில் அதே கணக்கு நெறிக்குள் வந்தது. இப்போது நான் தொடங்கும் எந்த வேலையிலும் அதுதான் முதல் வரி. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்று நன்னூல் சொன்னது சொற்களைப் பற்றி. இங்கே கழிந்த பழையதே புதியதாகப் புகுந்தது.

‘டீபக்’ செய்வதற்கு வழுநீக்கம், அதற்கான கருவிக்கு வழுநீக்கி. இவை இரண்டும் பழகிவிட்டன, விளக்கம் வேண்டியதில்லை.

கடை மெனுவுக்கு வருகிறேன். கேப்பை எடுத்துவிட்டு ஒவ்வோர் உருப்படிக்கும் பழைய முறையில் ‘மார்ஜின்’, அதாவது வெளிப்புற இடைவெளி, போட்டேன். கடைசி உருப்படிக்குப் பின்னால் 16 பிக்சல் வீணாகத் தொங்கியது. அதை இழுக்க வெளிப்பெட்டிக்கு எதிர்மறை மார்ஜின் ஒன்று. பார்க்க அசிங்கமான வரிதான். தோசையும் இடியப்பமும் பிரிந்தன. பயிற்சிக்கு வந்த தங்கை குறிப்பைத் திறந்து, ‘வழு 14’ என்பதற்கு எதிரே ‘நீங்கியது’ என்று எழுதப் போனாள். நிறுத்தி, அதற்குப் பதில், ‘வழுவமைதி, கடைக்காரர் டேப்லட்டை மாற்றும் வரை’ என்று எழுதினாள்.