ஆமைத்தலைப் போத்தலுக்குள் என்ன கிடக்கிறது?

மட்டக்களப்பு நாவற்குடாவில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு. அந்த வீட்டு அம்மம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, காலில் புண். ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் பண்ணி) வீட்டுக்கு அனுப்பிய பிறகு மருந்து கட்டுவதெல்லாம் மகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். மகள் நல்ல கவனமான ஆள். கட்டை அவிழ்க்க முன்னம் தானாகவே கிணற்றடிக்குப் போய், கிணற்றுக் கட்டில் வைத்திருந்த பம்ப் போத்தலை இரண்டு தரம் அமத்தி, விரல் இடுக்கு, பெருவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினாள். கழுவின முறையில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. எனக்குக் கண் போனது போத்தலில். உள்ளே இருந்தது தேசிக்காய்த் தண்ணீர் மாதிரி வெளிறிப்போன ஒன்று, தலையை அமத்தினால் சவர்க்காரம் வரவில்லை, பீச்சியடித்தது.

“இது எப்ப வாங்கின போத்தல் தங்கச்சி?”

“கொரோனா நேரம் வாங்கினது அக்கா. முடிய முடிய ஊத்திக்கொண்டிருக்கன்.”

முடிய முடிய என்று சொன்னாளே தவிர, அந்தப் போத்தல் ஒரு நாளும் முடிந்ததில்லை. கால்வாசி மிஞ்சும்போதே மேலால் கொஞ்சம் ஊற்றுவது, விலை கூடின மாதங்களில் சவர்க்காரத்தோடு கிணற்றுத் தண்ணீரும் கலந்து விடுவது, இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கிறது. இதற்கு அவளை ஏசி வேலையில்லை. 2022 இல் விலைவாசி ஏறின ஏற்றத்தில் தண்ணீர் கலக்காத வீடு எது?

நான் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பக்கம் வேலை செய்யும் தாதி. வார்டு வார்டாகப் போய்க் கை கழுவும் இடங்களைப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. அன்றைக்கு அந்தப் பம்பைக் கழற்றிப் பார்க்காமல் வரமுடியவில்லை, கழற்றி ஒரு வெள்ளைப் பீங்கானில் வைத்தேன். போத்தலின் அடி வரைக்கும் போகும் நீளக் குழாய், அதற்கு மேல் பெருவிரல் அளவில் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு கம்பிச் சுருள், அதன் அடியில் மிளகு அளவில் ஒரு கண்ணாடிக் குண்டு. குழாயின் அடி நுனியை விரலால் தடவினால் வழுவழு என்று ஒரு சவ்வு, கஞ்சி ஆறினால் மேலே படியுமே, அது போல. குழாயை உதறியபோது அதிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சின்னத் துண்டு பீங்கானில் விழுந்தது. அம்மம்மா கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, “என்ன புள்ள, ஆமைக்குள்ள அழுக்கா?” என்று கேட்டா. அந்த வீட்டில் அதற்குப் பெயர் ஆமைத்தலைப் போத்தல். தலையை அமத்தித் திருகினால் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும், மற்றப் பக்கம் திருகினால் வெளியே நீட்டும். இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது.

அந்த ஆமை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மிச்சக் கதை தானாகப் புரியும். தலையை அமத்தும்போது அறைக்குள் இருக்கும் திரவம் நசுங்குகிறது. கீழே உள்ள கண்ணாடிக் குண்டு வாயை அடைத்துக்கொள்வதால் திரும்பிப் போக வழியில்லாமல் மேலே ஏறி மூக்கால் வருகிறது. கையை எடுத்ததும் சுருள் தலையை மேலே தள்ளும், குண்டு கிளம்பும், அடியில் இருந்து அடுத்த வாய் திரவம் அறைக்குள் ஏறும். சரி, போத்தலுக்குள் குறைந்த அளவுக்கு ஏதாவது உள்ளே போகத்தானே வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் சப்பிப்போகும். அதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு இடுக்கும், அறையின் பக்கத்தில் குண்டூசித் துளை அளவில் ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அமத்துக்கும் அந்த வழியால் வெளிக்காற்று உள்ளே போகிறது. ஈரக் கையால் அமத்தும்போது தண்டில் வழியும் தண்ணீரும் அதே வழியால்தான் போகிறது. அதாவது, குளித்துவிட்டு வந்த கை, மீன் வெட்டின கை, பிள்ளைக்கு அடி கழுவின கை, எல்லாவற்றின் கழுவு நீரிலும் கொஞ்சம் கொஞ்சம் அந்தப் போத்தலுக்குள் சேருகிறது.

“சவர்க்காரத்துக்குள்ள கிருமி எப்படி மிஸ் வளரும்?” என்று வார்டிலும் கேட்பார்கள். கை கழுவும் சாதாரணச் சவர்க்காரம் பெரும்பாலும் கிருமியைக் கையில் இருந்து கழற்றித் தண்ணீரோடு அனுப்புகிற சாமான். அந்தத் திரவம் கெடாமல் இருப்பது கம்பனியில் அளந்து போட்ட பதனப்பொருளால். நீங்கள் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டால் பதனப்பொருளும் பாதியாகிவிடும், அதற்குப் பிறகு சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, செராசியா போன்ற ஈரத்தை விரும்பும் கிருமிகளுக்கு அது நல்ல குளம். குளியலறைத் தரையில், வாளியின் அடியில் இளஞ்சிவப்பாக வழுக்கும் ஒன்று படியுமே, அதைப் படியவைப்பதில் செராசியாவுக்கும் பங்கு உண்டு. நான் பீங்கானில் பார்த்ததும் அதுதான் என்று பரிசோதிக்காமல் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் செய்த ஆய்வு ஒன்று 2011 இல் வெளியானது. அங்கே ஊற்றி நிரப்பும் வகைச் சவர்க்காரப் பெட்டிகள் 14. பதினான்கிலும் கிருமி. அந்தச் சவர்க்காரத்தால் கழுவின பிள்ளைகள், ஆசிரியர்களின் கைகளில் கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமிகள் (மேலே சொன்ன மூன்றும் இந்த வகைதான்) கழுவ முன்னம் இருந்ததை விட 26 மடங்கு கூடியிருந்தன. கழுவின பிறகு கூடியிருந்தன! மூடி முத்திரையிட்ட, நிரப்ப முடியாத பையில் வரும் சவர்க்காரத்துக்கு மாற்றியபோது, கழுவின பிறகு கிருமி குறைந்தது. பாதி மிஞ்சின போத்தலுக்கு மேலால் ஊற்ற வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. ஆனால் அது ஆஸ்பத்திரிகளுக்கான புத்தகம், கிணற்றடிக்கு வந்து சேரவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. மெலியோடோசிஸ் என்ற நோயை மட்டக்களப்பு, அம்பாறைக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயல் சேற்றிலும் மழைத் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வருவது, மாரி காலத்தில் கூடும், சர்க்கரை வியாதிக்காரரை மோசமாகப் பிடிக்கும். வட ஆஸ்திரேலியாவில் இதே நோய் ஒரு வேலைத்தலத்தில் வந்தபோது தேடிப் பார்த்தால், அங்கே கை கழுவ வைத்திருந்த திரவத்துக்குள் அந்தக் கிருமி இருந்திருக்கிறது. 2004 இல் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். நம்மூரில் எந்தப் போத்தலிலும் அதைக் கண்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை வியாதி, காலில் திறந்த புண், மாரி மழை, கிணற்றுத் தண்ணீர் கலந்த சவர்க்காரம் என்ற நாலும் ஒரே வீட்டில் சேர்ந்து நின்றால் எனக்கு நித்திரை வராது. அந்த அம்மம்மாவின் புண் ஆறச் சுணங்கியதற்குப் போத்தல்தான் காரணம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அவவின் சர்க்கரை அளவே அதற்குப் போதும். என்றாலும் அன்றைக்கே அதைக் கிணற்றடியில் இருந்து எடுக்கச் சொன்னேன்.

கடைகளைப் பற்றியும் ஒரு சொல். கல்முனைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கை கழுவுமிடத்தில் புத்தம் புதிய போத்தல், கழுத்து வரைக்கும் நிறைந்து நிற்கிறது. நான் நல்ல கடை என்று சந்தோசப்பட்டு அமத்தினால் அசையவே இல்லை. தலை உள்ளுக்கு இழுத்துப் பூட்டினபடி! எத்தனை நாளாக அது அப்படி நிற்கிறதோ, எத்தனை பேர் அமத்திப் பார்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவிப் போனார்களோ. கடைக்காரத் தம்பியிடம் கேட்டால், “அது பழுது மிஸ், வாங்கேக்குள்ளயே பழுது” என்கிறார். பழுதில்லை. பெட்டியில் வரும்போது ஒழுகக் கூடாது என்பதற்காகத் தலையை அமத்தித் திருகிப் பூட்டி அனுப்புகிறார்கள், அந்த நிலையில் காற்று போகும் ஓட்டையும் அடைபட்டிருக்கும். திறக்க ஒரு கையால் கழுத்து வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தலையை மட்டும் இடப்பக்கம் திருக வேண்டும். பெரும்பாலான போத்தல்களில் தலையிலேயே அம்புக்குறி இருக்கும். வளையத்தைப் பிடிக்காமல் திருகினால் முழு மூடியும் கழன்று வந்துவிடும், பிறகு ஆட்கள் அதைத் தூக்கி வைத்துவிட்டு நேரே உள்ளங்கையில் கவிழ்க்கத் தொடங்குவார்கள். தலை கிளம்பிய பிறகும் முதல் ஐந்து பத்து அமத்துக்குக் காற்றுத்தான் வரும், அறை நிறைய வேண்டுமே. அதற்குள் பொறுமை இழந்து “தடிப்பாய்க் கிடக்கு, அதான் வருதில்ல” என்று தண்ணீர் ஊற்றுவதில்தான் பல போத்தல்களின் சீரழிவு ஆரம்பமாகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? போத்தலை எறியச் சொல்வது லேசு, சம்பளத்தில் பாதி சாமான் கடைக்குப் போகும் நாட்களில் அது சரிப்படாது. முழுதாக முடிய விடுங்கள். முடிந்ததும் போத்தலையும் பம்பையும் சுடுதண்ணீரால் கழுவி, போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிப் பதினைந்து இருபது தரம் அமத்தி எடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்ரிக் கோணிப்போகும், கை பொறுக்கும் சூட்டை விடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். பிறகு வெறுங்காற்று வரும்வரை அமத்தி, பம்பை வெளியே எடுத்து நன்றாகக் காயவிட வேண்டும். சிக்கலே இந்தக் காயவிடுவதுதான், சுருள் இருக்கும் அறைக்குள் ஈரம் லேசில் போகாது. அதனால் இரண்டு போத்தல் வைத்திருப்பது நல்லது, ஒன்று பாவனையில் இருக்க மற்றது வெயிலில் காயும். நிரப்பின திகதியை ஒரு பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் யார் ஊற்றினாலும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அங்கே போத்தலோடு மாற்ற வேண்டும், அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சில பேரோடு பேச்சில்லாமல் போயிருக்கிறது.

கையில் தேய்க்கும் சனிரைசருக்கும் இதே பம்ப்தான். அங்கே பிரச்சினை அளவு. கை முழுக்க நனைந்து 20 முதல் 30 செக்கன் ஈரமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு, நம் ஆட்கள் தலையை நுனி விரலால் தட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் பத்து முழு அமத்தை மருந்து அளக்கும் கோப்பையில் பிடித்துப் பார்த்தேன், 14 மில்லிலீற்றர் வந்தது, அப்படியானால் ஒரு அமத்துக்கு ஒன்றரைக்கும் குறைவு. என் கைக்கே இரண்டு அமத்து வேண்டும். இன்னொன்று, மூக்கு நுனியில் காய்ந்த ஜெல் அடைத்திருந்தால் அடுத்த அமத்தில் அது நேரே வராமல் பக்கவாட்டில் பீச்சும். மேசை விளிம்பில் வைத்த போத்தலின் மூக்கு, ஐந்து வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் நிற்கிறது. கண்ணில் பட்டால் தேய்க்க விடாமல் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிசம் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கலியாண வீடு, நேர்சரி, கோயில் மண்டபம் என்று பிள்ளைகள் திரியும் இடத்தில், பாவித்து முடிந்ததும் ஆமையின் தலையை உள்ளுக்கு அனுப்பிப் பூட்டிவிடுங்கள். அந்தப் பூட்டு பெட்டிக்குள் ஏற்றி அனுப்ப மட்டும் என்று நினைக்கிறோம், எனக்கு அதன் பெரிய பிரயோசனமே இதுதான்.

பசை வரும் பம்புகள் வேறு சாதி. பற்பசை, தடித்த கிறீம் போன்றவற்றில் நீளக் குழாய் இருக்காது, அமத்த அமத்த அடித்தட்டே மேலே ஏறிவரும். அடியில் உள்ள சின்ன ஓட்டையை ஒட்டி மறைத்தால் வேலை செய்யாது. இதை வீட்டில் நிரப்ப முடியாது, அதுவும் ஒரு வகையில் நல்லதே. ஒரு முழு அமத்தில் வருவது பெரியவரின் பிரஷ்ஷுக்கான அளவு, மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு அரிசி அளவு புளோரைட் பற்பசை போதும், மூன்றில் இருந்து ஆறு வரைக்கும் பட்டாணி அளவு. பிள்ளை தானே அமத்தி விளையாட விடாதீர்கள், இனிப்பு வாசத்துக்கு விழுங்கிவிடும்.

போன கிழமை திரும்ப நாவற்குடாவுக்குப் போனேன். கிணற்றுக் கட்டில் இப்போது ஒரு சிரட்டை, அடியில் மூன்று ஓட்டை, அதில் பாதி வெட்டின சவர்க்காரக் கட்டி. தண்ணீர் வடிந்து கட்டி காய்ந்தே கிடக்கிறது. கட்டிச் சவர்க்காரம் கிருமி பரப்பும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, தண்ணீரில் ஊறவிடாமல் வடியவிட்டால் வீட்டுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பழைய போத்தல் எங்கே என்று கேட்டேன். மகள் குசினிக்குள் இருந்து எடுத்து வந்தாள், நன்றாகக் கழுவித்தான் வைத்திருக்கிறாள்.

“விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊத்தி வைப்பம் எண்டு பாத்தன் அக்கா. அமத்தினா அளவா வருமே.”

அவளுடைய இரண்டு வயது மகன் அந்த நேரம் போத்தலை எட்டிப் பிடித்து, தலையை அமத்தி, மூக்கில் வாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.