ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்: சொல்லும் பொருளும்

மருத்துவக் கட்டுரையில் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்பதன் தமிழாக 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்று படித்ததும் பலருக்கு இரத்த அழுத்தமோ மன அழுத்தமோதான் நினைவுக்கு வரும். இது இரண்டும் இல்லை. செல்லுக்குள், பிற மூலக்கூறுகளிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் ஆக்ஸிஜனேற்றிகளின் கை ஓங்கி, அவற்றை அடக்கி வைக்கும் குளூட்டாதயோன் போன்றவை ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலை இது. 1985இல் இதற்கு இந்த வரையறையைத் தந்தவர் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ்.

ஆக்ஸிஜன் என்ற பெயரே ஒரு தவறில் பிறந்தது. கிரேக்கத்தில் 'ஆக்ஸிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. 'ஜெனெஸ்' என்றால் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று நம்பித்தான் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே அப்படிப் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே கிடையாது! பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வேதியியலில் இன்று ஆக்ஸிஜனேற்றம் என்றால் எலக்ட்ரான் இழப்பு. இரும்பு துருப்பிடிப்பதிலும் விறகு எரிவதிலும் நடப்பது அதுதான்.

சரி, அழுத்தம்? 'ஸ்ட்ரெஸ்' என்பதன் வேர் இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல். பொறியியலில் அதைத் 'தகைவு' என்பார்கள். செல்லுக்கு அது ஒட்டவில்லை. என் தேர்வு 'நெருக்கடி'. நெருக்குதலும் அதில் இருக்கிறது, தவிப்பும் இருக்கிறது.

அந்த நெருக்கடியில் நோய் எதிர்ப்புச் செல் என்ன செய்கிறது? மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல், கிருமியைக் கொல்லத் தானே சூப்பராக்ஸைடு என்ற ஆக்ஸிஜனேற்றியைத் தயாரிக்கிறது. அளவோடு இருந்தால் அது ஆயுதம். மிஞ்சினால் செல்லின் சமிக்ஞைப் புரதங்களையே தொட்டு மாற்றும். 'என்எஃப்-கப்பா-பி' என்ற புரதத்தைச் சாதாரணமாக இன்னொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடி சிதைந்ததும் அது உட்கருவுக்குள் போய் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 ஆகிய செய்தி சொல்லும் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடும். இவை மேலும் செல்களை அழைக்கும். வந்தவையும் ஆக்ஸிஜனேற்றிகளைக் கொட்டும். அப்புறம் அது சுழலாகிவிடும்.

இதன் விளைவைத்தான் 'அழற்சி' என்கிறோம். அழல் என்றால் தீ. லத்தீன் வேரும் தீ மூட்டுவதையே சொல்கிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அதைத் தொட வேண்டாம். மாற்ற வேண்டியது 'அழுத்தம்' என்பதைத்தான்: 'ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி அழற்சியைத் தூண்டும்' என்று எழுதுவோம்.