சிபிலிஸ் புண் தானாக ஆறினால் நோய் போய்விட்டதா?

பால்வினை நோய் தொற்றினால் எப்படியும் தெரிந்துவிடும், புண் வரும், சீழ் வரும், சிறுநீர் போகும்போது எரியும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த நினைப்புதான் ஆபத்து. இந்தக் கிருமிகளில் பல, எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும், அடுத்தவருக்கும் பரவும்.

சிபிலிஸையே எடுத்துக்கொள்வோம். இந்த நோயைத் தருவது திருகுபோலச் சுருண்ட ஒரு பாக்டீரியா. தொற்றி சுமார் 3 வாரத்தில், அது நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. ஆசனவாயிலோ பெண்ணுறுப்பின் உள்ளேயோ வந்தால் கண்ணிலேயே படாது. மருந்தே போடாமல் 3 முதல் 6 வாரத்தில் ஆறியும் விடும், 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம், ஆனால் அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போயிருக்கும். அப்புறம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரலாம். அதுவும் மறையும். பிறகு வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. சிகிச்சை பெறாத சிலருக்குப் பத்து, இருபது வருடம் கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும், குழந்தை இறந்தே பிறக்கவும் கூடும்.

நம் எதிர்ப்பு சக்தி ஏன் இதை ஒழிப்பதில்லை? ஒரு கிருமியை அது அடையாளம் காண்பது பெரும்பாலும் மேலுறையில் இருக்கும் புரதங்களை வைத்துத்தான். சிபிலிஸ் கிருமியின் மேலுறையில் புரதங்கள் மிகக் குறைவு, அதிலும் ஒன்றை அது மாற்றி மாற்றிக் காட்டுகிறது.

நல்ல செய்தி, 1943-இல் சிபிலிஸுக்குக் கொடுக்கத் தொடங்கிய பென்சிலின் இன்றும் வேலை செய்கிறது. ஆரம்பக் கட்டத்தில் பொதுவாக ஒரே தடவை ஊசி போதும்.

கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை பாக்டீரியா இன்னும் அமைதியானது. செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகும், பல பெண்களுக்குக் கருக்குழாயில் தழும்பு விழுந்து குழந்தைப்பேறு தடைபடும்போதுதான் தெரியவருகிறது. கொனோரியா என்ற பால்வினை நோயின் பாக்டீரியாவோ ஆன்டிபயாடிக்குகளை ஒவ்வொன்றாக எதிர்க்கப் பழகிவிட்டது, அதனால் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை விழுங்காதீர்கள். எச்ஐவி, கொப்புளப் புண் தரும் ஹெர்பிஸ் ஆகிய வைரஸ்களை முழுதாக நீக்க மருந்தில்லை, கட்டுப்படுத்த உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய் தரக்கூடிய எச்பிவி வைரஸுக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கும் தடுப்பூசியே இருக்கிறது.

ஆணுறை அபாயத்தை வெகுவாகக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோலில் இருக்கும் புண் வழியாக ஹெர்பிஸும் சிபிலிஸும் பரவலாம். உறவுக்கு மறுநாளே பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள், சோதனையில் தெரிய நாளாகும், எப்போது மறுபடி எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் எதுவானாலும், ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்பதில்லை. துணைக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால், அவரிடமிருந்தே திரும்பத் தொற்றும்.