கவுன்சில் பெரிதானால் குப்பை ஒழுங்காக அள்ளப்படுமா?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. நம்முடைய தோட்டப்புற ஊர்கள் பலவற்றிலும் இதே நிலைதான், கால்வாயும் தெருவிளக்கும் இங்கே இருக்கும், முடிவெடுக்கிற அலுவலகம் வேறொரு பட்டணத்தில் இருக்கும். ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவில் டவுன் போர்டு, டவுன் கவுன்சில், லோக்கல் கவுன்சில் என்று 300-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன. பணமும் ஆளும் போதாமல் தள்ளாடிய சின்னச் சின்ன கவுன்சில்களை 1973-இல் வந்த தற்காலிகச் சட்டமும் 1976-இன் உள்ளாட்சிச் சட்டமும் பெரிய மன்றங்களாக ஒன்றுசேர்த்தன.

பெரிதாக்கினால் செலவு குறையுமா என்றால், எந்தச் செலவு என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு கவுன்சிலின் கணக்குப் பிரிவுக்கு ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 10 ரிங்கிட். அதே பிரிவு 50,000 வீடுகளைப் பார்த்துக்கொண்டால் வீட்டுக்கு 2 ரிங்கிட்தான். என்ஜினியர், கணினி அமைப்பு, குப்பைக் கிடங்கு எல்லாம் இந்த வகை, வீடு கூடக்கூடத் தலைக்கு விழும் பங்கு குறையும்.

குப்பை லோரி அப்படியில்லை. ஒரு லோரி ஒரு ஷிப்டில் இத்தனை வீடுகளுக்குத்தான் போக முடியும், வீடுகள் இரண்டு மடங்கானால் லோரியும் டிரைவரும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். அதுவும் நம் பக்கத்தில் ஒரு தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) அடுத்த தாமானுக்கும் நடுவே செம்பனைக் காடு நீண்டு கிடக்கிறது, லோரியின் நேரமும் டீசலும் பாதி அந்த ரோட்டிலேயே போய்விடும். இரண்டு கவுன்சில்களை ஒன்றாக்கினாலும் அந்தத் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையாது. கால்வாய் கழுவுகிற, புல் வெட்டுகிற வேலைகளும் இப்படித்தான். ஊரில் இருந்த டிப்போவை மூடி எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால் செலவு கூடவே செய்யும்.

டென்மார்க் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2007-இல் 271 நகராட்சிகளை 98 ஆக்கினார்கள். ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது நிர்வாகத்திலும் சாலைப் பராமரிப்பிலும் மிச்சம் தெரிந்தது, வேறு சில துறைகளில் செலவு ஏறியது, மொத்தத்தில் பெரிய லாபம் இல்லை. ஃபின்லாந்தில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. இணைப்பு உறுதியானதும், அது நடைமுறைக்கு வருவதற்குள், சிறிய நகராட்சிகள் கடன் வாங்கிச் செலவழித்தன, கையிருப்பையும் கரைத்தன. கடனை நாளைக்கு எல்லோரும் சேர்ந்துதானே கட்டப்போகிறோம் என்ற கணக்கு! ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008-இல் இணைத்த கவுன்சில்களில் நூசா உட்பட நான்கு, 2013-இல் மக்கள் வாக்களித்து, அடுத்த ஆண்டு தனியாகப் பிரிந்தன.

அப்படி வாக்களித்துப் பிரிய நமக்கு வழியில்லை, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய குறை. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. உள்ளாட்சிகளை ஆராய்ந்த, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது, ஆனால் 1976 சட்டம் மாநில அரசு நியமிக்கிற முறையைக் கொண்டுவந்தது. ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள். எல்லை எவ்வளவு விரிந்தாலும் 24-க்கு மேல் போகாது, அதனால் ஒவ்வொரு உறுப்பினரும் பார்க்க வேண்டிய ஊர்கள் கூடிக்கொண்டே போகும்.

சரி, கவுன்சில்களை இணைக்காமல் வேலையை மட்டும் இணைக்க முடியாதா? முடியும், நாமே செய்திருக்கிறோம். 1993 சட்டத்துக்குப் பிறகு கழிவுநீர்ப் பொறுப்பு உள்ளாட்சிகளிடமிருந்து மத்திய அரசுக்குப் போய், அந்த வேலையைச் செய்ய இண்டா வாட்டர் நிறுவனம் வந்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பெரிய முதலீடு தேவை, ஆகவே அதைப் பெரிய அளவில் நடத்துவது பொருந்துகிறது. குப்பைப் பொறுப்பையும் அப்படி மத்திய அரசுக்கு மாற்ற 2007-இல் தனிச் சட்டம் வந்தது, பேராக், சிலாங்கூர், பினாங்கு அப்போது அதில் சேரவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் கதை வேறு. தோட்டம் தனியார் நிலம், அங்கே வீட்டுக்கும் அடிப்படை வசதிக்கும் 1990-இன் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டப்படி நிர்வாகம்தான் பொறுப்பு. பக்கத்துப் பட்டணத்தின் கவுன்சில் எவ்வளவு பெரிதானாலும் அந்தப் பொறுப்பு தானாகக் கைமாறிவிடாது. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான் எழும்பும்போது, சாலையும் கால்வாயும் முறைப்படி கவுன்சிலிடம் ஒப்படைக்கப்பட்டனவா என்று வீடு வாங்குகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.