தண்ணியா ஊற்றும் கண்ணும் உலர்ந்த கண்தான்

கண்ணில் நீர் வடிகிறது என்று இந்த வாரம் வந்தவர்களில் இந்த அம்மா நான்காவது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் வேலை, வயது ஐம்பதுக்கு மேல். "தண்ணியா ஊத்துதுங்க டாக்டர், நீங்க காஞ்சு போச்சுங்கறீங்க" என்றார். பையில் மூன்று சொட்டு மருந்து. மூன்றும் மெடிக்கலில் சொல்லி வாங்கியவை, அதில் ஒன்று ஸ்டீராய்டு. அதை டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் கண்ணில் ஊற்றினால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லைங்க. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 சுரப்பிகள் அதைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் உடனே ஆவியாகிறது, கண் எரிகிறது. எரிச்சல் தாங்காமல் கண் வெறும் நீரைக் கொட்டுகிறது. எண்ணெய் இல்லாததால் அந்த நீரும் தங்குவதில்லை. ஊற்றுவதே உலர்ந்ததால்தான்!

அந்த அம்மாவின் இமை விளிம்பை அழுத்திப் பார்த்தேன். தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில் பேஸ்ட் மாதிரி கெட்டியாக, வெள்ளையாகப் பிதுங்கியது. மார்கழியில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் வருமா? அதே கதைதான்.

வயது, மாதவிடாய் நின்ற பின் வரும் ஹார்மோன் மாற்றம் இரண்டும் நம் கையில் இல்லை. மற்றவற்றைக் கவனியுங்கள். கொலுசோ தறியோ செல்போனோ, உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது, இமைத்தாலும் பாதிதான் மூடுகிறது. இமை முடிக்கு உட்புறம் தீட்டும் கண்மை சுரப்பியின் வாயிலேயே உட்கார்ந்துகொள்கிறது. கான்டாக்ட் லென்ஸ், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, கண் அழுத்தத்தைக் குறைக்கப் போடும் சில சொட்டுகள், இமையில் செதில் செதிலாக வரும் பொடுகு ஆகியவையும் காரணமாகலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். நாள்பட்டுச் சுருங்கிப்போன சுரப்பி பெரும்பாலும் மீள்வதில்லை, அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். கை தாங்கும் சூடு போதும், ஆறினால் திரும்ப நனையுங்கள். அப்புறம் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவிவிட்டு, விளிம்பைத் துடையுங்கள். தினமும். விளக்கெண்ணெயைக் கண்ணுக்குள் விடவே விடாதீர்கள்.

வலியோ, வெளிச்சம் கூசுவதோ, பார்வை மங்குவதோ இருந்தால் அன்றே வாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கும் பழைய சொட்டு பாட்டில்களை ஒன்று விடாமல் கொண்டுவாருங்கள்.